படிக்கத் தெரியாதவருக்காகச் செய்த சீட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு டிசைன் பத்திப் பேசப் போறோம். டிசைன்னு சொன்னதும் போன், ஆப், கலர் கலரான பட்டன் எல்லாம் மனசுக்கு வரும். நான் எடுத்துக்கப் போறது அதைவிடப் பழைய ஒரு விஷயம். நம்ம ஊர்ல கோடிக்கணக்கான பேர் பயன்படுத்துற, ஆனா யாரும் டிசைன்னு நினைக்காத ஒரு விஷயம். ஓட்டு போடுற சீட்டும் பெட்டியும் மெஷினும்.

ஏன் இது? ஆப்ல தப்பான பட்டனைத் தட்டிட்டா பின்னாடி வந்து திருத்திக்கலாம். சாப்பாடு தப்பா வந்தா பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஓட்டுச்சாவடியில் அந்த வாய்ப்பு கிடையாது. உள்ளே போன ஓட்டை வெளியே எடுக்க முடியாது. ரகசிய வாக்கு என்பதால் உங்க ஓட்டு எதுன்னு தேடவும் முடியாது. மறைப்புக்குப் பின்னாடி தனியா நிக்கணும், யாரையும் கேட்கக் கூடாது, பழகிப் பார்க்கவும் வழியில்லை. இவ்வளவு கஷ்டமான நிபந்தனையில் எந்த ஆப்பும் வேலை செய்யறதில்லை.

வாக்கு எண்ணும் இடத்துல ஒரு சொல் அடிக்கடி காதுல விழும்: "செல்லாத ஓட்டு". அந்த ஓட்டு செல்லாமப் போனது யாரோட தப்பு? போட்டவரோடதா, இல்ல அந்தச் சீட்டோடதா? இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

தேர்தல் வரலாறுன்னா உத்திரமேரூர் கல்வெட்டுல ஆரம்பிச்சே ஆகணும்னு ஒரு சட்டம் இருக்கிற மாதிரி எல்லாரும் அங்கதான் போவாங்க. நாம போகல. என் ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரே பேரு, ரெண்டு விதமான ஓட்டு

என் ஊர் வெண்ணந்தூர். நாமக்கல் மாவட்டம், ராசிபுரத்துக்குப் பக்கம். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். வெண்ணந்தூர் ஒரு பேரூராட்சி. அதே பேர்ல ஒரு ஊராட்சி ஒன்றியமும் இருக்கு, சுத்தி இருக்கிற கிராமங்கள் அதுல வரும்.

2019 டிசம்பர் 27, 30 தேதிகள்ல தமிழ்நாட்டுல ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போ ஒன்றியத்துக் கிராமங்கள்ல ஒவ்வொருத்தர் கையிலயும் நாலு காகிதச் சீட்டு கொடுத்தாங்க. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள். நாலுலயும் முத்திரை குத்தி, மடிச்சுப் பெட்டியில போடணும்.

2022 பிப்ரவரி 19 அன்னைக்கு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். பேரூராட்சிக்குள்ள இருக்கிறவங்க மெஷின்ல ஒரே ஒரு பட்டன் அழுத்திட்டு வந்துட்டாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு காகிதம், இந்தப் பக்கம் ஒரு பட்டன். நடந்தே போயிடலாம், அவ்வளவு கிட்ட.

கிராமத்துல இருக்கிற என் அம்மாயிகிட்ட, நாலு சீட்டையும் எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டேன். "ரோசு சீட்டு தலைவருக்கு, மஞ்சச் சீட்டு பெரிய ஆபீசுக்கு. இதுல என்ன கண்ணு சமாளிக்க இருக்குது?"ன்னாங்க. அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. மாவட்ட ஊராட்சிங்கற அமைப்பு என்ன செய்யுதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. நிறம் மட்டும் சொல்லித் தந்தது.

ஆனா அந்த நாலுல ஒரு சிக்கல் உண்டு. பச்சையிலயும் மஞ்சள்லயும் கட்சிச் சின்னம் இருக்கும், பல வருஷமா கண்ணுக்குப் பழகினது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கட்சி சாராத பதவிகள். அதுல பூட்டு சாவி மாதிரி சுயேச்சைச் சின்னங்கள் வரும். வாக்குப் பதிவுக்குச் சில நாள் முன்னாடிதான் யாருக்கு எந்தச் சின்னம்னே தெரியும். தனக்கு ரொம்ப நெருக்கமான பதவிக்கு, தனக்குக் கொஞ்சமும் பழகாத சின்னத்தைத் தேடிக் குத்தணும். தலைவர் பதவிக்கு நிக்கிறவங்க அந்தச் சில நாளும் கையில நிஜப் பூட்டையும் சாவியையும் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையறது இதனாலதான். சீட்டு சொல்லித் தராததை வேட்பாளர் சொல்லித் தரார்.

மஞ்சள் பெட்டி

நிறத்தை வைச்சு ஓட்டு கேட்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1937ல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல்ல கட்சிக்கு ஒரு நிறப் பெட்டி. காங்கிரசுக்குக் கிடைச்சது மஞ்சள். "மஞ்சள் பெட்டிக்கு ஓட்டு"ங்கறதுதான் பிரச்சாரம். மஞ்சள்னா நமக்கு மங்கலம், தாலிக்கயிறு, பொங்கல். வேட்பாளர் பேரைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த நிறம் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சது. காங்கிரஸ் பெரிய வெற்றி பெற்று ராஜாஜி பிரதமரானார். மாகாண முதலமைச்சரை அப்போ அப்படித்தான் சொன்னாங்க. நிறத்தால மட்டும் ஜெயிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிறம் ஓட்டுக் கேட்கிற வேலையில பாதியைத் தானே செஞ்சது.

அப்போ ஓட்டுரிமை எல்லாருக்கும் கிடையாது. சொத்து, வரி, படிப்புன்னு தகுதி பார்த்துத்தான் கொடுத்தாங்க. சுதந்திரம் வந்து, 21 வயசு நிரம்பின எல்லாருக்கும் ஓட்டுன்னு அரசியல் சட்டம் சொன்ன பிறகுதான் உண்மையான சவால் வந்தது.

1951 அக்டோபர்ல இருந்து 1952 பிப்ரவரி வரைக்கும் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல. அதுல 100க்கு 85 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர் முன்னாடி ரெண்டு வழி இருந்தது. "முதல்ல ஜனங்க படிக்கட்டும், அப்புறம் தேர்தல் வைக்கலாம்"னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னவங்க உலகத்துல நிறைய பேர் இருந்தாங்க. அமெரிக்காவின் தென் மாநிலங்கள்ல எழுத்தறிவுச் சோதனைன்னு ஒண்ணு வைச்சு, கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாமத் தடுத்தது 1965 வரைக்கும் நடந்தது. சென் குழு எடுத்தது அடுத்த வழி: படிக்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி ஓட்டை அமைக்கிறது.

எப்படி? வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டி மேல அவரோட சின்னம். நீங்க உள்ளே போறீங்க, கையில ஒரு சீட்டு, அதுல எதுவும் எழுத வேண்டாம், குறிக்க வேண்டாம். பிடிச்ச சின்னம் இருக்கிற பெட்டியில போட்டுட்டு வந்துடலாம். கோயில் உண்டியல்ல காசு போடத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியும். இதுக்காக 20 லட்சத்துக்கு மேல இரும்புப் பெட்டி செஞ்சாங்க. 8,200 டன் இரும்பு செலவாச்சு. வாக்காளர் தலையில இருக்க வேண்டிய பாரத்தை அரசாங்கம் இரும்பாத் தூக்கினதுன்னு எனக்குத் தோணும்.

அதே தேர்தல்ல ஒரு இடத்துல டிசைன் தோத்ததும் உண்டு. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனப்போ, முக்கியமா வடக்கு மாநிலங்கள்ல, நிறைய பெண்கள் தங்க பேரைச் சொல்லல. இன்னாரோட மனைவி, இன்னாரோட அம்மான்னுதான் சொன்னாங்க. அந்நியருக்குப் பேர் சொல்றது அவங்க வழக்கத்துல இல்லை. படிவத்துல பேர்ங்கற கட்டம் காலியா இருக்கக் கூடாது. கடைசியில ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியல்ல இருந்து நீக்கப்பட்டாங்க. சென் பக்கமும் நியாயம் இருந்தது. பேர் இல்லாத ஒருத்தரோட ஓட்டை இன்னொருத்தர் போட்டுடலாம், பெண்ணுக்கு அவ பேர்லதான் உரிமை இருக்கணும். அடுத்த தேர்தலுக்குள்ள பெரும்பாலானவங்க பேர் கொடுத்துச் சேர்ந்தாங்க. ஆனா அந்த முதல் தேர்தலை அவங்க வெளியே நின்னுதான் பார்த்தாங்க. ஒரு கட்டம், 28 லட்சம் பேர்.

முத்திரையும் மடிப்பும்

பெட்டி முறையில ஓட்டைகளும் இருந்தன. உள்ளே பெட்டிகள் மட்டும்தான், யாரும் பார்க்கிறதில்லை. சீட்டைப் போடாம மடியில வைச்சு வெளியே கொண்டு வந்து வித்துடலாம். வாங்கினவர் அதையெல்லாம் இன்னொருத்தர் கையில கொடுத்து மொத்தமா ஒரே பெட்டியில போட வைக்கலாம். வேட்பாளர் கூடக் கூடப் பெட்டியும் கூடும். அதனால 1960-61ல் கேரளா, ஒடிசா இடைக்காலத் தேர்தல்கள்ல வேற முறைக்குப் போனாங்க. எல்லா வேட்பாளர் பேரும் சின்னமும் ஒரே சீட்டுல, முத்திரை குத்தணும், எல்லாம் ஒரே பெட்டியில. 1962 பொதுத்தேர்தல்ல இருந்து நாடு முழுக்க இதுதான்.

இப்போ வாக்காளர் மேல ஒரு புது வேலை விழுந்தது. அதனால தப்புக்கும் வழி வந்தது. இந்த இடத்துல அந்த முத்திரையைக் கவனிங்க. நம்ம ஊர்ல ஸ்வஸ்திக் முத்திரைன்னு சொல்லுவாங்க. அதோட கைகள் ஒரே திசையில திரும்பியிருக்கும். சாதாரணப் பெருக்கல் குறியோ வட்டமோ வைச்சிருக்கலாமே?

மை காயறதுக்குள்ள சீட்டை மடிச்சா எதிர்ப்பக்கத்துல ஒரு பதிவு விழும். பெருக்கல் குறியா இருந்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். எது குத்தினது, எது ஒட்டினதுன்னு சொல்ல முடியாது. ரெண்டு பேருக்குக் குத்தின செல்லாத ஓட்டு ஆயிடும். ஸ்வஸ்திக் முத்திரை ஒட்டினா கைகள் எதிர்த்திசையில திரும்பியிருக்கும், கண்ணாடியில பார்க்கிற மாதிரி. எண்றவர் பார்த்ததுமே நிஜத்தையும் நிழலையும் பிரிச்சுடுவார். அதோட, சீட்டை முதல்ல நெடுக்குவாட்டுல மடிச்சு, அப்புறம் குறுக்கே மடிக்கணும்னு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பாங்க. நெடுக்கா மடிச்சா மை ஒட்டினாலும் அதே வேட்பாளர் வரிசையிலதான் ஒட்டும்.

அப்புறம் சட்டம். 1961 தேர்தல் நடத்தை விதிகள்ல ஒரு நல்ல வரி உண்டு. குறி தெளிவா இல்லை, அல்லது ஒண்ணுக்கு மேல குத்தியிருக்குன்னு காரணம் சொல்லி மட்டும் ஓட்டைத் தள்ளக் கூடாது, இந்த வேட்பாளருக்குத்தான்னு எண்ணம் தெளிவாத் தெரிஞ்சா எடுத்துக்கணும்னு அது சொல்லுது. கை நடுங்கிக் கோணலாக் குத்தின தாத்தாவோட ஓட்டை இந்த வரிதான் காப்பாத்துது. முத்திரை, மடிப்பு, விதி மூணுமே, தப்பு நடக்கும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டவங்க செஞ்சது.

1,033 பேர்

வெண்ணந்தூர்ல இருந்து மேற்கே திருச்செங்கோடு போய், காவிரியைத் தாண்டினா ஈரோடு. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தல்ல இந்தத் தொகுதியில எத்தனை பேர் போட்டியிட்டாங்க தெரியுமா? 1,033.

பெரும்பாலானவங்க விவசாயிகள். எங்க கோரிக்கையை யாரும் காது கொடுத்துக் கேட்கலங்கறதைக் காட்ட, ஆளாளுக்கு வேட்புமனு போட்டாங்க. அன்னைக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். தேர்தலையே தள்ளி வைக்க வேண்டியதாச்சு. ஓட்டுச்சீட்டு சீட்டா இருக்க முடியல, புத்தகமா அச்சடிச்சாங்க.

அந்த மறைப்புக்குப் பின்னாடி நிக்கிறவரை நினைச்சுப் பாருங்க. கையில ஒரு புத்தகம். 30 வருஷமா, சீட்டைப் பார்த்தா சின்னம் கண்ணுல படும்னு பழகினவர். இப்போ பக்கம் பக்கமாப் புரட்டணும். எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணும்னா எண் தெரியணும், வரிசை தெரியணும். படிக்கத் தெரியாதவருக்காகச் செஞ்ச ஒரு முறை, ஒரே நாள்ல படிச்சவருக்கான முறையா மாறிடுச்சு. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயிச்சார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழல. 158 பேருக்குத் தலா ஒரே ஒரு ஓட்டு. தன் ஓட்டைத் தனக்கே போடாத 88 பேர்! நிக்கிறதுதான் அவங்க நோக்கம், ஜெயிக்கிறது இல்லை.

அதே வருஷம் ஆந்திராவின் நல்கொண்டாவுல மக்களவைக்கு 480 பேர், கர்நாடகாவின் பெல்காம்ல 456 பேர். உடனே சட்டம் திருத்தினாங்க. சட்டமன்ற டெபாசிட் 250ல இருந்து 5,000 ஆச்சு. இன்னைக்கு 10,000. அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரரோ சுயேச்சையோ நின்னா 10 பேர் முன்மொழியணும்.

இங்க எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஓட்டுப் போடுறவருக்கு நல்லது நடந்தது, சீட்டு மறுபடி சீட்டாச்சு. ஆனா அது எப்படிச் சாத்தியமாச்சு? வாசலை 20 மடங்கு விலை கூட்டி. வசதி இல்லாத விவசாயி கையில இருந்த ஒரு போராட்ட வழி போச்சு. ஒருத்தருக்கு எளிமையாக்கும்போது அந்தச் செலவை இன்னொருத்தர் கட்டறார்ங்கறது டிசைன்ல அடிக்கடி நடக்கும். யார் கட்டறாங்கன்னு கேட்டுத்தான் அது நல்ல டிசைனான்னு சொல்ல முடியும்.

சுஜாதா பார்த்த பட்டன்

மெஷின் கதைக்கு வருவோம். 1977ல் இந்த யோசனை தேர்தல் ஆணையத்துல எழுந்தது. ஹைதராபாத் இசிஐஎல் மாதிரி மெஷின் செஞ்சது, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல அந்த வேலையை மேற்பார்வை செஞ்ச பொறியாளர் எஸ்.ரங்கராஜன். நமக்கு அவரை வேற பேர்ல தெரியும், எழுத்தாளர் சுஜாதா. மெஷினோட வடிவத்துல மும்பை ஐஐடி தொழில் வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவையா ரெண்டு பேரோட பங்கும் உண்டு.

1982 மே மாசம் கேரளாவின் பறவூர் தொகுதியில 50 சாவடிகள்ல முதல்முறையா வைச்சாங்க. 123 ஓட்டுல தோத்த ஏ.சி.ஜோஸ் வழக்கு போட்டார். சட்டத்துல மெஷினுக்கு இடமே இல்லைன்னு 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த 50 சாவடிகள்ல காகிதத்துல மறுபடி ஓட்டு நடந்தது, ஜோஸ் ஜெயிச்சார். அப்புறம் சட்டத்தைத் திருத்தி, மெதுவாப் பரப்பி, 2001ல் தமிழ்நாடு முழுக்கச் சட்டமன்றத் தேர்தல் மெஷின்லயே நடந்தது. 2004 மக்களவைத் தேர்தல் நாடு முழுக்க.

அந்த மெஷின்ல திரை இல்லை, மெனு இல்லை. பேர், சின்னம், பக்கத்துல ஒரு நீலப் பட்டன். அழுத்தினா அதே வரிசையில சிவப்பு விளக்கு எரியும், நீளமா ஒரு பீப் சத்தம் வரும். கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். இன்னைக்குப் பட்டன் பக்கத்துல பிரெய்ல் எண்ணும் இருக்கு. பேட்டரியில ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. அதிகாரி தன் பக்கத்து மெஷின்ல அனுமதி கொடுத்தாத்தான் ஒரு ஓட்டு பதிவாகும், எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணுதான். நிமிஷத்துக்கு நாலஞ்சு ஓட்டுக்கு மேல ஏறாது. சாவடியைக் கைப்பற்றி கட்டுக்கட்டாக் குத்தித் தள்ளுற வேலைக்கு இது ஒரு பிரேக். நல்லவருக்குச் சுலபமா, கெட்டவருக்கு மெதுவா.

ஒரு பெட்டியில 16 பேர் இடம். அதிகமானா இன்னொண்ணு சேர்க்கணும். 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்ல 185 பேர் நின்னாங்க, பெரும்பாலும் மஞ்சள் விவசாயிகள், மஞ்சளுக்கு வாரியம் கேட்டு. 12 பெட்டிகளை வரிசையா அடுக்கினாங்க. டெபாசிட் ஏறினாலும் மொடக்குறிச்சி திரும்ப வந்தது பாருங்க. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில நிஜாமாபாத்லயே தொடங்கினாங்க.

மெஷின்ல செல்லாத ஓட்டு இல்லைன்னு பெருமையாச் சொல்லுவாங்க. ஆனா காகிதத்துல ஒரு சத்தமில்லாத வழி இருந்தது. யாரையும் பிடிக்கலைன்னா வெறுமனே மடிச்சுப் போட்டுட்டு வந்துடலாம், யாருக்கும் தெரியாது. மெஷின் அதை எடுத்துடுச்சு. ஓட்டுப் போட விருப்பமில்லைன்னா 49ஓ விதிப்படி அதிகாரிகிட்ட சொல்லி, பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். ரகசியம் போச்சு. 2013 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நோட்டா பட்டன் வந்தது. இல்லாமப் போன ஒரு வழியைத் திரும்பக் கொடுக்க ஒரு பட்டன்.

நம்பிக்கையும் இப்படித்தான். காகிதம் எண்றதை யாரும் பார்த்துப் புரிஞ்சுக்கலாம், மெஷினுக்குள்ள நடக்கிறதைப் பார்க்க முடியாது. 2009ல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், தனி நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் தேர்தலோட முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடியணும்னு சொல்லி, அங்க பயன்படுத்தின மெஷின்களை ஏற்க மறுத்தது. நாம வேற பாதையில போனோம். மெஷினோட ஒரு அச்சுக் கருவி சேர்த்தோம், நீங்க போட்ட சின்னம் கண்ணாடிக்குப் பின்னாடி 7 நொடி தெரியும், அப்புறம் பெட்டியில விழும். காகிதத்துக்கே திரும்பணும்ங்கற கோரிக்கையை 2024 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் ஏற்கல. விவாதம் ஓயல. ஆனா அந்த 7 நொடியைக் கவனிங்க. "என்னை நம்பு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "நீயே பாரு"ன்னு சொல்ற முயற்சி அது.

படிச்சவங்கதானே

கேட்டுக்கிட்டே வந்தவங்களுக்கு ஒண்ணு தோணியிருக்கும். படிக்காதவங்க ஓட்டைக் காப்பாத்த இவ்வளவு யோசிச்சாங்க. அப்போ படிச்சவங்க ஓட்டு பத்திரமாத்தானே இருக்கும்?

2000ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், பாம் பீச் மாவட்டம். வயசானவங்களுக்கு எழுத்து பெருசாத் தெரியணும்னு நல்ல எண்ணத்தோட வேட்பாளர் பேர்களை ரெண்டு பக்கமாப் பிரிச்சு, துளை போடுற இடத்தை நடுவுல வைச்சாங்க. இடது பக்கம் புஷ் முதல்ல, அல் கோர் ரெண்டாவது. ஆனா நடுவுல ரெண்டாவது துளை வலது பக்கத்து பேட் பியூக்கனனோடது. கோருக்கு மூணாவது துளை. 19,000க்கு மேற்பட்ட சீட்டுகள் ஒண்ணுக்கு மேல துளை போட்டதால செல்லாமப் போச்சு. மாநிலம் முழுக்க 537 ஓட்டு வித்தியாசத்துல புஷ் ஜெயிச்சு ஜனாதிபதி ஆனார். அம்புக்குறியைப் படிச்சுப் பின்தொடருவாங்கன்னு அந்தச் சீட்டு நம்பினது.

நம்ம ஊர்க் கதை ஒண்ணு. 2016 சட்டமன்றத் தேர்தல், திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதி. அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டுல ஜெயிச்சார். 203 தபால் ஓட்டுகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. தபால் ஓட்டு போடுறவங்க யார்? தேர்தல் வேலைக்குப் போற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள். நமக்கு முத்திரை குத்தச் சொல்லித் தர்றவங்க! அவங்களுக்கு ஒரு சீட்டு, ஒரு உள்ளுறை, ஒரு வெளியுறை, ஒரு உறுதிமொழிப் படிவம், அதுல ஒரு அதிகாரியோட சான்றொப்பம். தலைமையாசிரியர்கள் போட்ட சான்றொப்பம் செல்லுமாங்கறதுதான் சண்டை. வழக்கு வருஷக்கணக்கா நடந்தது. 2019 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணினாங்க, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தோட காலமே முடிஞ்சு போச்சு.

அந்த 203 பேர் யாருக்குப் போட்டாங்கங்கறதை விடுங்க. முத்திரை கோணலா இருந்தா மன்னிக்கிற முறை, சான்றொப்பம் கோணலா இருந்தா மன்னிக்கல. ஒரு பட்டனுக்காக அத்தனை வருஷம் யோசிச்சவங்க, ரெண்டு உறைக்காக அப்படி யோசிக்கல. காரணம் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்: "படிச்சவங்கதானே, பார்த்துப்பாங்க."

வரலாறு முழுக்க இதே கோடுதான். இவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு வைச்சுச் செஞ்சதெல்லாம் எல்லாருக்கும் உதவிச்சு. மஞ்சள் பெட்டி, சின்னம், முத்திரை, நீலப் பட்டன். படிச்சுப் புரிஞ்சுப்பார்னு விட்ட இடத்துலதான் ஓட்டு செத்தது. பேர் கட்டம், 1,033 பேர் புத்தகம், ரெண்டு உறை.

இது முடிஞ்சு போன கதையும் இல்லை. ஒரே பேர்ல ஆட்களை நிறுத்திக் குழப்பறது பழைய தந்திரம். அதுக்காகவே 2015 மே மாசத்துல இருந்து மெஷின்ல வேட்பாளர் படமும் வந்தது. 2024ல் ராமநாதபுரத்துல முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாப் பலாப்பழச் சின்னத்துல நின்னப்போ, அதே பேர்ல, அதே தலைப்பெழுத்தோட வேற சிலரும் நின்னாங்க. பேரைப் படிச்சு ஓட்டுப் போட்டா குழம்பணும். பலாப்பழத்தைத் தேடினவருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

இதைக் கேட்கிறவங்கள்ல ஆப் செய்யறவங்க, படிவம் போடுறவங்க, அரசு இணையதளத்துக்கு வேலை செய்யறவங்க நிறைய பேர் இருப்பீங்க. பென்ஷன், ரேஷன், பேங்க் எல்லாம் இன்னைக்குப் போன் திரைக்குள்ள போயாச்சு. "பயனர் தப்பாப் பண்ணிட்டார்"னு அடுத்த தடவை எழுதறதுக்கு முன்னாடி, உங்க படிவத்துல எந்தக் கட்டத்தை வெண்ணந்தூர் பக்கத்துக் கிராமத்துல ஒரு அம்மாயி தாண்ட மாட்டாங்கன்னு பாருங்க. அவங்க தாண்டுற மாதிரி செஞ்சா, அவசரத்துல பஸ்ல நின்னுக்கிட்டே அதைத் தட்டுற நீங்களும் தாண்டிடுவீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க ஊர்ல சின்னத்தை வைச்சு நடந்த தேர்தல் கதை ஏதாவது இருந்தா எங்களுக்குச் சொல்லுங்க.